ஜீவனாம்ச வழக்குகளில் மறைக்கப்படும் வருமானம்: குடும்ப நல நீதிமன்ற நீதிபதிகளுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு நீதிபதிகளுக்கு,

வணக்கம்.

தமிழ்நாட்டின் குடும்ப நல நீதிமன்றங்களிலும், அவை இல்லாத ஊர்களில் நடுவர் நீதிமன்றங்களிலும் குழந்தைகளுக்கான ஜீவனாம்ச மனுக்களை விசாரிக்கும் தங்கள் அனைவருக்கும் இந்த மடலை எழுதுகிறேன். நான் வழக்கறிஞர் அல்ல. கொங்கு நாட்டு ஊர் ஒன்றில் வரி ஆலோசகர் அலுவலகத்தில் கணக்கு எழுதுபவள். சிறுதொழில் செய்வோரின் ஜி.எஸ்.டி. படிவங்களையும் வருமான வரிப் படிவங்களையும் தயாரிப்பது என் அன்றாட வேலை. குழந்தையைத் தனியே வளர்க்கும் தாயும்கூட. என் சொந்த வழக்கு நிலுவையில் இருப்பதால் அதைப் பற்றி இங்கே ஒரு வரியும் எழுதப்போவதில்லை. ஜீவனாம்ச வழக்கு நடத்தும் பெண்கள் பலர் காகிதங்களைப் புரிந்துகொள்ள என்னைத் தேடி வருவதுண்டு. அவர்களுடைய வழக்குக் கட்டுகளில் பார்த்தவற்றையும், மேசைக்கு மறுபுறம் அமர்ந்து வருமானம் காகிதத்தில் எப்படிச் சுருங்குகிறது என்று அறிந்தவற்றையும் வைத்தே எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். எதிர்மனுதாரர் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று கண்டுபிடித்து வரும் வேலையைக் குழந்தையை வளர்ப்பவரின் தலையில் சுமத்தாதீர்கள். அதைக் காட்டும் காகிதங்களை முதல் வாய்தாவிலேயே, இடைக்கால உத்தரவுக்கும் சமரசப் பேச்சுக்கும் முன்பாகவே, நீதிமன்றம் வரவழைக்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. வேண்டிய அதிகாரம் தங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

மாதச் சம்பளம் வாங்குபவரிடம் மறைப்பதற்கு இடம் குறைவு. சம்பளச் சீட்டும் படிவம் 16ம் இருக்கின்றன. அங்கே நடப்பதெல்லாம் பிடித்தங்களைப் பெருக்கிக் காட்டுவதுதான். மனுவின் நகல் கைக்கு வந்த பிறகு வருங்கால வைப்பு நிதியில் விருப்பச் சந்தாவைக் கூட்டுவார்கள், கூட்டுறவுச் சங்கத்தில் கடன் எடுப்பார்கள், புதிய வண்டிக்குத் தவணை கட்டத் தொடங்குவார்கள். கடைசியில் கைக்கு வருவது பதினோராயிரம் என்று சம்பளச் சீட்டைக் காட்டுவார்கள். சட்டப்படி தவிர்க்க முடியாத பிடித்தம் எது, தானாக ஏற்படுத்திக்கொண்ட பிடித்தம் எது என்று பிரித்துப் பார்த்தாலே இது வெளுத்துவிடும். பெரும்பாலான உத்தரவுகளில் தாங்கள் அப்படிப் பிரித்தே பார்க்கிறீர்கள் என்பதால் இதை இத்துடன் விடுகிறேன்.

சிக்கல் சொந்தத் தொழிலில் இருக்கிறது. வருமான வரியில் உத்தேச வருமான முறை என்று ஒன்று உண்டு. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் 44ஏடி பிரிவாக இருந்தது; 2026 ஏப்ரல் முதல் 2025ஆம் ஆண்டுச் சட்டத்தின் 58ஆம் பிரிவில் வருவது. ஆண்டு விற்றுமுதல் 2 கோடி ரூபாய்க்குள், ரொக்க வரவு மிகக் குறைவாக இருந்தால் 3 கோடிக்குள், இருக்கும் சிறு தொழிலர் கணக்குப் புத்தகம் எழுத வேண்டியதில்லை. விற்றுமுதலில் 8 விழுக்காட்டையும், வங்கி வழியாக வந்த தொகைக்கு 6 விழுக்காட்டையும் லாபம் என்று காட்டி வரி கட்டினால் போதும். சிறு வியாபாரிக்கு இது பெரிய நிம்மதி. அதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் ஜீவனாம்ச வழக்கில் இந்தப் படிவம் என்னவாகிறது என்று பாருங்கள். 90 லட்சம் ரூபாய் வங்கி வழியாக வரவுள்ள ஒரு பனியன் ஜாப் ஒர்க் யூனிட்டை, அதாவது பிறருக்குக் கூலிக்குச் செய்து கொடுக்கும் யூனிட்டை, எடுத்துக்கொள்வோம். 6 விழுக்காட்டுக் கணக்கில் ஆண்டு வருமானம் 5,40,000 ரூபாய், அதாவது மாதம் 45,000 ரூபாய் என்று படிவம் சொல்லும். அந்தத் தொழிலில் கையில் நிற்பது அதைப் போல இரண்டு மடங்கா மூன்று மடங்கா என்பதை அந்தப் படிவம் சொல்லவே சொல்லாது. வரித் துறை ஏற்றுக்கொள்ளும் மிகக் குறைந்த அளவைத்தான் அது காட்டுகிறது. ஆனால் வழக்கில் அதையே உண்மை வருமானமாகத் தாக்கல் செய்கிறார்கள், "வருமான வரித் துறையே ஏற்றுக்கொண்டது" என்ற வாதத்தோடு. கணக்குப் புத்தகம் எங்கே என்று கேட்டால், எழுத வேண்டிய கட்டாயம் இல்லை என்பார்கள். அதுவும் சட்டப்படி சரியான பதில்தான்.

விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது. ஆகவே தென்னந்தோப்பும் மஞ்சள் காடும் வைத்திருப்பவர் படிவமே தாக்கல் செய்யாமல் இருக்கலாம், அல்லது வேறு வழியில் வந்த பணத்தை விவசாயத்தின் கணக்கில் எழுதிவிடலாம். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வட மாநிலங்களில் ஆழ்துளைக் கிணறு தோண்டப் போகின்றன. அங்கே கைமாறும் ரொக்கம் எந்த வங்கிக் கணக்கில் நுழைகிறது என்பது முதலாளிக்கும் மேலாளருக்கும்தான் தெரியும். வட்டிக்கு விடும் பணமோ புரோநோட்டுக் கட்டுகளாக அலமாரியில் உட்கார்ந்திருக்கும்.

இவை எல்லாவற்றையும்விட அதிகம் நடப்பது பெயர் மாற்றம். வக்கீல் நோட்டீஸ் வந்த சில மாதங்களில் கணவர் பெயரில் இருந்த ஜி.எஸ்.டி. பதிவு ரத்தாகும், அதே கதவு எண்ணில், அதே இயந்திரங்களோடு, அவருடைய தாயார் பெயரிலோ தம்பி பெயரிலோ புதிய பதிவு பிறக்கும். வீட்டை அப்பாவுக்குச் செட்டில்மெண்ட் எழுதிக் கொடுப்பார்கள். கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். அட்டை மச்சானின் கணக்குக்கு மாறிவிடும். பிறகு பிரமாணப் பத்திரத்தில், "நான் என் தாயாரின் நிறுவனத்தில் மாதம் 12,000 ரூபாய் சம்பளத்துக்கு மேற்பார்வையாளராக வேலை செய்கிறேன்" என்று எழுதுவார்கள். அறுபது வயதைத் தாண்டிய, கையெழுத்தைத் தவிர வேறு எழுத்து அறியாத ஓர் அம்மாள் திடீரென்று ஏற்றுமதி நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்யும் தொழிலதிபர் ஆகிவிடுவதை எங்கள் அலுவலகத்தில் பார்த்து நாங்கள் வியப்பதே இல்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வருமானம் இல்லை என்று சொல்கிற தந்தையர் எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்பது என் வாதம் அல்ல. தறி ஓட்டுபவர், பெயிண்ட் அடிப்பவர், வாடகை ஆட்டோ ஓட்டுபவர் பலர் உண்மையிலேயே கொடுக்க இயலாத நிலையில் இருக்கிறார்கள். காகிதத்தை வரவழைக்காத நீதிமன்றத்தால் இவர்களுக்கும் நட்டம்தான். மறைப்பவரையும் இல்லாதவரையும் பிரித்துக் காண வழி இல்லாதபோது, இருவர் மீதும் ஒரே சந்தேகம் விழுகிறது. இருவருக்கும் ஏறத்தாழ ஒரே தொகை விதிக்கப்படுகிறது. அந்தத் தொகை ஒருவருக்குச் சில்லறை, மற்றவருக்குத் தாங்க முடியாத பாரம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தங்களுக்கு நான் எடுத்துச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆயினும் என்னைப் போன்ற பலர் இதை வாசிக்கக்கூடும் என்பதால் சுருக்கமாகக் குறிப்பிடுகிறேன். 2020ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி இந்து மல்ஹோத்ராவும் நீதிபதி சுபாஷ் ரெட்டியும் வழங்கிய தீர்ப்பு, நாட்டின் எல்லா ஜீவனாம்ச வழக்குகளிலும் இரு தரப்பும் சொத்து, கடன் விவரப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அதன் படிவமும் தீர்ப்போடு இணைக்கப்பட்டிருக்கிறது. எதிர்மனுதாரர் நான்கு வாரத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். இரண்டு வாய்ப்புகளுக்கு மேல் தரக்கூடாது. வேண்டுமென்றே இழுத்தடித்தால் எதிர்வாதத்தையே நீக்கிவிடலாம். அந்தப் படிவம் எவ்வளவு விவரம் அறிந்தவர்களால் எழுதப்பட்டது என்பது என்னைப் போல் கணக்கு எழுதுபவர்களுக்கு உடனே தெரியும். திருமணத்துக்கு ஓராண்டு முன்பும், பிரிவதற்கு ஓராண்டு முன்பும், மனு தாக்கலான சமயத்திலும் உள்ள வருமான வரிப் படிவங்களை அது கேட்கிறது. எல்லா வங்கிக் கணக்குகளுக்கும் மூன்றாண்டு விவரத்தைக் கேட்கிறது. வழக்குக்காகவே வருமானம் வீழ்ந்ததா என்பதைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பிரிவதற்கு முந்தைய ஆண்டில் 11 லட்சம் காட்டியவர் மனு தாக்கலான ஆண்டில் இரண்டரை லட்சம் காட்டினால், இடையில் என்ன நடந்தது என்று அவர்தான் விளக்க வேண்டும்.

இந்த வழிகாட்டுதல்கள் பின்பற்றப்படவில்லை என்பதை உச்ச நீதிமன்றமே 2023ஆம் ஆண்டு நவம்பரில், ஒரு பெண் குழந்தையின் ஜீவனாம்சம் தொடர்பான வழக்கில், வருத்தத்தோடு பதிவுசெய்து, தீர்ப்பை மறுபடியும் எல்லா நீதிமன்றங்களுக்கும் அனுப்பச் சொன்னது. அதன் பிறகு பிரமாணப் பத்திரம் என்ற காகிதம் கட்டுகளில் தவறாமல் இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. நான் பார்த்த பலவற்றில் அசையாச் சொத்து "இல்லை", வங்கிக் கணக்கு "ஒன்று", மற்ற வருமானம் "பொருந்தாது", இணைப்புகள் "பின்னர் தாக்கல் செய்யப்படும்" என்றே எழுதியிருந்தது. அந்த "பின்னர்" வராமலே சாட்சி விசாரணை தொடங்கிவிடுகிறது. மனுதாரர் கூண்டில் ஏறியதும் முதல் கேள்வியாக, "எதிர்மனுதாரருக்கு மாதம் ஒரு லட்சம் வருமானம் என்பதற்கு உங்களிடம் ஆவணம் இருக்கிறதா?" என்று கேட்கப்படுகிறது. "இல்லை" என்ற பதில் பதிவாகிறது. தீர்ப்பின் பாதி அந்த ஒரு சொல்லில் எழுதப்பட்டுவிடுகிறது.

அந்த ஆவணம் அவளிடம் எப்படி இருக்கும்? வங்கி, கணக்கு வைத்திருப்பவரைத் தவிர யாருக்கும் விவரம் தராது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 8(1)(ஜே) பிரிவைக் காட்டி மறுப்பார்கள். வருமான வரிப் படிவம் தனிப்பட்ட தகவல் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. வில்லங்கச் சான்றைக் கேட்பதற்கு முதலில் சர்வே எண் தெரிய வேண்டும். ஆகவே அவள் தனக்கு எட்டுவதைக் கொண்டுவருகிறாள்: புதுக் காரின் முன் நின்று அவர் எடுத்துக்கொண்ட படம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்ட வெளிநாட்டுப் பயணம், கிரகப்பிரவேசப் பத்திரிகை. கார் நண்பருடையது, பயணம் கம்பெனி செலவு, வீடு அப்பாவுடையது என்று மூன்று வரியில் மூன்றும் கழிந்துவிடும். போதாக்குறைக்கு, மின்னணு ஆவணத்துக்கு உரிய சான்றிதழ் இல்லை என்ற ஆட்சேபணையும் எழும். குடும்ப நல நீதிமன்றச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, சாட்சியச் சட்டப்படி ஏற்கத்தக்கதா என்பதைப் பாராமலேயே, வழக்கைத் தீர்க்க உதவும் எந்த ஆவணத்தையும் ஏற்கலாம் என்று தங்களுக்கு அதிகாரம் தந்திருக்கிறது. இருந்தும் அந்த ஆட்சேபணை பல இடங்களில் வென்றுவிடுகிறது.

எனவேதான் காகிதத்தை நீதிமன்றம் வரவழைக்க வேண்டும் என்கிறேன். எந்தக் காகிதம் என்பதில் என் தொழில் அனுபவம் தங்களுக்குச் சிறிது பயன்படலாம்.

முதலாவது, வருமான வரித் தளத்தில் ஒவ்வொருவருக்கும் இருக்கும் வருடாந்திரத் தகவல் அறிக்கை. ஏ.ஐ.எஸ். என்று அழைப்போம், 2021 நவம்பரில் வந்தது. ஒருவர் வரிப் படிவத்தில் எழுதியது அல்ல, மற்றவர்கள் அவரைப் பற்றி வரித் துறைக்குத் தெரிவித்ததே அதில் இருக்கும். வங்கிகள் கொடுத்த வட்டி, பங்கு, மியூச்சுவல் ஃபண்ட் பரிவர்த்தனைகள், சொத்து வாங்கியது விற்றது, ஜி.எஸ்.டி. விற்றுமுதல் எல்லாம் அதில் வரிசையாக வரும். ஒரே ஒரு வங்கிக் கணக்குத்தான் என்று சத்தியம் செய்தவரின் அறிக்கையில் நான்கு வங்கிகளின் வட்டி தெரிந்தால், மற்ற மூன்றின் பெயரை யாரும் துப்பறிந்து கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கைப்பேசியிலேயே தரவிறக்கம் செய்துவிடலாம். பான் எண் வைத்திருப்பவர் தமக்கு அது கிடைக்கவில்லை என்று சொல்ல வழியே இல்லை.

இரண்டாவது, கடன் தகவல் அறிக்கை, மக்கள் வழக்கில் சிபில் ரிப்போர்ட். ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகவே பெறலாம். இதன் மதிப்பெண்ணில் நமக்கு அக்கறை இல்லை. எந்த வங்கியில், எந்த மாதம், எவ்வளவு கடன் கேட்டார், எந்தக் கடனை ஒழுங்காகத் திருப்பிக் கட்டிக்கொண்டிருக்கிறார் என்று அது காட்டும். அதைப் பிடித்துக்கொண்டு அந்த வங்கிக்கு அழைப்பாணை அனுப்பி, கடன் விண்ணப்பத்தை வரவழைத்துப் பாருங்கள். என்னைக் கேட்டால், இந்த வழக்குகளில் இதைவிட வலுவான காகிதம் கிடையாது. கடன் வாங்கும்போது எவரும் தம் வருமானத்தைக் குறைத்துச் சொல்வதில்லை. மாதம் 1,20,000 ரூபாய் வருமானம் என்று வங்கியில் கையெழுத்திட்டவர், அதே ஆண்டில் மாதம் 12,000 ரூபாய் என்று நீதிமன்றத்தில் கையெழுத்திட்டிருந்தால், இரண்டில் எது பொய் என்று அவரே தேர்ந்தெடுத்துச் சொல்லட்டும். தாயார் பெயரில் நடக்கும் நிறுவனத்துக்கும் இது பொருந்தும். அந்த நிறுவனத்தின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் யார், காசோலையில் கையெழுத்திடும் அதிகாரம் யாருக்கு என்று வங்கிக் கட்டு சொல்லிவிடும். மேற்பார்வையாளரின் ஜாமீனை நம்பி எந்த வங்கியும் 40 லட்சம் கொடுப்பதில்லை.

மற்றவை தொழிலுக்குத் தகுந்தபடி. யூனிட் ஓடுகிறதா, மூடிக் கிடக்கிறதா என்பதை மின் இணைப்பின் இருமாத அளவீடு சொல்லும். "ஆர்டர் இல்லை, தறி நிற்கிறது" என்ற வாதத்தை அது ஒன்றே உறுதிப்படுத்தவோ உடைக்கவோ போதும். லாரி வைத்திருப்பவருக்கு ஃபாஸ்டாக் கணக்கு இருக்கிறது. வண்டி எந்தெந்தச் சுங்கச்சாவடியை எந்த நாளில் கடந்தது என்று அதில் வரும். ஒரு நிறுவனத்தின் ஜி.எஸ்.டி. ரத்தாகி அதே முகவரியில் வேறு பெயரில் பிறந்ததா என்பதை ஜி.எஸ்.டி. தளத்தில் எவரும் பார்க்கலாம். ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லும் அதிகாரம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின், அதாவது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின், 94ஆம் பிரிவில் (பழைய சட்டத்தில் 91ஆம் பிரிவு) தங்களுக்கு இருக்கிறது.

இவ்வளவையும் கேட்ட பிறகும் எதிர்மனுதாரர் கொடுக்க மறுத்தால் என்ன செய்வது என்பதற்கும் சட்டத்தில் விடை இருக்கிறது. ஒருவருக்கு மட்டுமே தெரிந்த செய்தியை மெய்ப்பிக்கும் சுமை அவரையே சேரும் என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 106ஆம் பிரிவு. புதிய சட்டத்தில் 109. ஆனால் இதைப் பயன்படுத்தும் உத்தரவுகள் பலவும், "எதிர்மனுதாரர் வருமானத்தை மறைத்ததாகத் தெரிகிறது" என்று ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த வரியில் ஒரு தொகையைச் சொல்லி முடிந்துவிடுகின்றன. அந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்று உத்தரவில் இல்லாததால், உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு போட்டதும் அது ஆட்டம் காண்கிறது. தாழ்மையோடு கேட்கிறேன்: எந்தக் காகிதம் கேட்கப்பட்டது, எந்தத் தேதிக்குள் வந்திருக்க வேண்டும், வரவில்லை, ஆகவே பிரிவதற்கு முந்தைய ஆண்டின் வருமானத்தையோ வங்கியில் அவரே அறிவித்த வருமானத்தையோ அடிப்படையாகக் கொள்கிறேன், அதில் குழந்தைக்கு இவ்வளவு என்று கணக்கை உத்தரவிலேயே எழுதுங்கள். வருமானம் பிடிபடாத இடத்தில் செலவைக் கணக்கிடுங்கள். காப்பீட்டுப் பிரீமியம், வண்டித் தவணை, கிரெடிட் கார்டு பில், மறுமணம் ஆகியிருந்தால் அந்த வீட்டுக் குழந்தைகளின் பள்ளிக் கட்டணம் ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால், 12,000 ரூபாய் சம்பளத்தில் 60,000 ரூபாய் செலவு செய்யும் அதிசயம் வெளியே வரும்.

சமரசப் பேச்சைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குடும்ப நல நீதிமன்றத்தில் வழக்கு முதலில் ஆலோசகரிடமோ சமரச மையத்துக்கோ போகிறது. நோக்கம் நல்லதே. ஆனால் மேசையில் ஒரு காகிதமும் இல்லாத நிலையில் அங்கே தொகை பேசப்படுகிறது. "மாதம் ஐயாயிரம் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வருடக்கணக்கில் இழுக்கும்" என்ற பேச்சுக்கு, வாடகை கட்ட வழியில்லாத பெண் தலையசைக்கிறாள். அது அவளுடைய ஜீவனாம்சமாக மட்டும் இருந்தால் அவள் விருப்பம் என்று விடலாம். குழந்தையின் உரிமை தனியானது. மனைவி பிரிந்து போனது யார் குற்றம், நடத்தை எப்படி என்ற கேள்விகள் மனைவியின் மனுவுக்குத்தான் தடையாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. குழந்தையின் மனுவுக்கு அவை பொருந்தாது. தாய் தனக்கு எதுவும் வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பதால் குழந்தையின் பங்கு கரைந்துவிடக் கூடாது. எனவே ஆலோசகரிடம் அனுப்பும் முன் இணைப்புகளோடு கூடிய பிரமாணப் பத்திரம் இரு தரப்பிலும் தாக்கலாகியிருக்க வேண்டும் என்றும், குழந்தைக்கான தொகை தனியே எழுதப்பட வேண்டும் என்றும் தாங்கள் நிபந்தனை விதிக்கலாம்.

இரு தரப்பிலும் என்றேன். அதில் எனக்கு ஒளிவுமறைவு இல்லை. டியூஷன் எடுப்பதை, தையல் வருமானத்தை, தனியார் பள்ளியில் வாங்கும் சம்பளத்தைச் சொல்லாதே என்று மனுதாரருக்கு யோசனை சொல்லும் வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள். அது தவறு; பயனும் இல்லை. பத்தாயிரம் ரூபாய் சம்பளத்தை மறைத்துப் பிடிபட்டவளின் மற்ற எல்லா வார்த்தைகளும் சந்தேகத்துக்கு உள்ளாகின்றன. 2020ஆம் ஆண்டுத் தீர்ப்பே, தாயும் போதிய அளவு சம்பாதித்தால் குழந்தையின் செலவை இருவரும் வருமான விகிதப்படி பகிர்ந்துகொள்ளலாம் என்று சொல்கிறது. உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம், படிப்பு ஆகியவற்றோடு, படிப்புக்குத் துணையான தனிப்பயிற்சிச் செலவையும் அதே தீர்ப்பு குழந்தையின் செலவில் சேர்க்கிறது. விகிதம் போடுவதற்கு இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று மேசையில் இருக்கிறது, மற்றொன்றைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்.

காலம் தாழ்வது மறைப்பவருக்கே லாபம். இடைக்கால ஜீவனாம்ச மனுவை, நோட்டீஸ் கைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இயன்றவரை 60 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் ஜீவனாம்சப் பிரிவிலேயே இருக்கிறது. நடைமுறையில் அது எத்தனை மடங்காகிறது என்று தங்கள் வாய்தாப் பட்டியலே சொல்லும். மனு நாளிலிருந்து தொகை கணக்கிடப்படும் என்பதால் நட்டமில்லை என்று சிலர் சொல்வார்கள். எல்.கே.ஜி. கட்டணம் கட்ட முடியாமல் பள்ளி மாற்றப்பட்ட குழந்தைக்கு ஐந்தாம் வகுப்பில் நிலுவைத் தொகை வந்து சேர்வது எப்படிச் சரியாகும்? மேலும், நிலுவையை வசூலிக்க வாரண்ட் கேட்கும் மனுவை, தொகை செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட வேண்டும். விவரம் தெரியாத பெண்கள் இதில் மாதங்களை இழக்கிறார்கள். இந்தச் சட்டப் பிரிவின்படி 18 வயது ஆனதும் மகனின் உரிமை முடிந்துவிடுகிறது. கல்லூரிக் கட்டணம் தொடங்குவதோ அந்த வயதில்தான். திருமணமாகாத மகளுக்கு 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டத்தின் 20ஆம் பிரிவில் இடம் இருக்கிறது; மகனுக்கு அதுவும் இல்லை. ஆகவே ஒவ்வொரு வாய்தாவும் குழந்தையின் பதினெட்டு ஆண்டுகளிலிருந்து கழிகிறது.

வழக்குக்குப் பின் கைமாறிய சொத்தைப் பற்றிக் கேட்டால், "அது இப்போது என் பெயரில் இல்லை" என்ற பதிலோடு பல விசாரணைகள் நின்றுவிடுகின்றன. ஒரு சொத்தின் வருவாயிலிருந்து ஜீவனாம்சம் பெறும் உரிமை ஒருவருக்கு இருக்கையில் அந்தச் சொத்து விலையின்றி மாற்றப்பட்டால், வாங்கியவருக்கு எதிராகவும் அந்த உரிமையைச் செயல்படுத்தலாம் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 39ஆம் பிரிவு சொல்கிறது. தாய்க்கும் தம்பிக்கும் எழுதப்படும் செட்டில்மெண்ட் பத்திரங்கள் விலையின்றி எழுதப்படுபவையே. இந்தப் பிரிவை வாதத்தில் எடுத்த வழக்கறிஞரை நான் அரிதாகவே கண்டேன். தாங்கள் ஒருமுறை கேள்வியாக எழுப்பினாலும் போதும், அடுத்த செட்டில்மெண்ட் எழுதப் போகும் கை கொஞ்சம் தயங்கும். அதேபோல, குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 20(6) பிரிவு, வேலை தருபவரோ கடன்பட்டவரோ தொகையை நேரடியாகப் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்க உத்தரவிட இடம் தருகிறது. ஜாப் ஒர்க் கூலி பாக்கி வைத்திருக்கும் ஏற்றுமதி நிறுவனமும் கடன்பட்டவர்தானே.

பொய்ப் பிரமாணப் பத்திரத்துக்குத் தண்டனை உண்டு. அதற்கான நடைமுறை புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 379ஆம் பிரிவில் இருக்கிறது. எல்லோரையும் சிறைக்கு அனுப்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சிறையில் இருப்பவரிடமிருந்து குழந்தைக்கு ஒன்றும் வராது. ஆனால் அப்பட்டமான பொய் அகப்பட்ட ஒரு வழக்கிலாவது விசாரணை தொடங்கப்பட்டது என்ற செய்தி ஒரு மாவட்டத்தின் வழக்கறிஞர் அறைகளில் பரவினால், அடுத்த மாதம் தாக்கலாகும் பிரமாணப் பத்திரங்களின் கனம் கூடும். எங்கள் அலுவலகத்துக்கு வருபவர்கள் வரித் துறைக்கு ஏன் பயப்படுகிறார்கள், நீதிமன்றத்துக்கு ஏன் பயப்படுவதில்லை என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். வரித் துறையிடம் எண்கள் ஏற்கெனவே இருக்கின்றன என்று அவர்களுக்குத் தெரியும். நீதிமன்றத்திடம் அவர்கள் கொடுப்பது மட்டுமே இருக்கும் என்பதும் தெரியும்.

கடைசியாக, தங்கள் அலுவலக அளவிலேயே செய்யக்கூடிய ஒன்று. பக்க எண் விடுபட்டிருந்தால், நகல் தெளிவாக இல்லாவிட்டால், மனுவில் ஒரு கையெழுத்துக் குறைந்தால், மனுதாரரின் காகிதங்களைக் குறை சொல்லித் திருப்பி அனுப்பும் வழக்கம் தங்கள் அலுவலகங்களில் உண்டு. அதே கண்டிப்பை எதிர்மனுதாரரின் சொத்து, கடன் விவரப் பிரமாணப் பத்திரத்துக்கும் காட்டச் சொல்லுங்கள். மூன்றாண்டு வங்கிக் கணக்கு விவரமும், அந்த மூன்று வருமான வரிப் படிவங்களும், ஏ.ஐ.எஸ். அறிக்கையும், கடன் தகவல் அறிக்கையும் இணைக்கப்படாத பிரமாணப் பத்திரம் தாக்கலானதாகவே கருதப்படாது, நான்கு வாரக் கெடு ஓடிக்கொண்டே இருக்கும் என்று முதல் வாய்தாவின் உத்தரவில் தமிழில் நான்கு வரி எழுதி இரு தரப்பிடமும் கையெழுத்து வாங்கினால் போதும்.

இப்படிக்கு,
கொங்கு நாட்டிலிருந்து,
கணக்கு எழுதும் ஒரு தாய்